யாரும் கை வைக்காத வாக்கியம்

மாலை ஆறு மணிக்கு விக்கி வெளியே போகிறது என்பதால், பூவாணி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. நாற்பத்திரண்டு பேர் ஐந்து மாதம் சேர்ந்து எழுதிய ஒரே ஏடு அது. ஆட்டின் தீனி, சினை, நோய், மருந்து என்று எல்லாம் அதில் இருந்தன. ஆறு மணி அடித்ததும் அது வகுப்பறையை விட்டுக் கிளம்பி, மூன்று மாவட்டத்து மேய்ப்பர்களின் கைப்பேசிக்குப் போய்விடும். குளத்துக் கரையில் நின்று ஒருவர் சந்தேகம் கேட்டால், குரல்சேவை என்கிற எந்திரம் விக்கியைப் புரட்டிப் பார்த்து, அவர் பேசுகிற தமிழிலேயே பதில் சொல்லும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அடுத்த பருவம் தொடங்கும்போதுதான் பூட்டுத் திறக்கும்.

அந்த வகுப்பு மாணவி பியூலா அன்று விடியற்காலை ஜெபத்தில் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னாள். சொல்லக் காரணம் இருந்தது. கூடத்துச் சுவரில் இருந்த பெரிய திரையில் ‘97’ என்ற எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதுதான் ஏட்டின் நம்பகம். நூற்றுக்கு அறுபது இருந்தாலே வெளியிடலாம். வேறெந்தக் கல்லூரியும் எண்பதைத் தாண்டியதில்லை. யாரோ ஒரு செம்பருத்திப் பூவைக் கொண்டுவந்து அந்த எண்ணுக்குக் கீழே ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தார்கள்.

குரல்சேவையிலிருந்து தங்கதுரை என்ற பொறியாளர் வந்து, கூடத்தின் நீள மேசையில் பத்துத் தொலைபேசிகளை வரிசையாக வைத்திருந்தார். வெள்ளோட்டம் பார்க்க வேண்டுமாம். ஒவ்வொருவரும் தன்னை ஒரு மேய்ப்பராக எண்ணிக்கொண்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். மூன்று மணிக்குத் தொடங்கிய கூத்து அது. வகுப்பில் முதல் மாணவியான சுலைகா குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, “ஏ மிசினு, எங்கிடா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு, என்னன்னு கேளு” என்றாள். எந்திரம் சற்றும் அசராமல், “கிடா தீனி எடுக்குதா அண்ணாச்சி?” என்று திருப்பிக் கேட்டதும் கூடமே சிரித்து உருண்டது. தாங்கள் எழுதிய வரி, தங்கள் ஊர்ப் பேச்சில், அவ்வளவு கனிவாகத் திரும்பி வந்ததைக் கேட்டபோது பியூலாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்தச் சிரிப்பெல்லாம் லேசில் வந்ததில்லை. நவம்பரில் விக்கி தொடங்கியபோது வகுப்பு ஒரு போர்க்களம். எந்திரம் ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் அதை எழுதியவர் பெயரைக் கண்ணுக்குத் தெரியாமல் முடிந்துவைத்தது. உங்கள் வாக்கியம் அழியாமல் நிற்கிற நாளெல்லாம் உங்கள் பங்கு கூடும். யாராவது அதை அழித்தால் குறையும். பங்குக்கு நாற்பது மதிப்பெண். பன்னிரண்டுக்குக் கீழே போனால் அந்தப் பருவம் தோல்வி. அப்புறம் கேட்க வேண்டுமா? சுலைகாவும் மரியசெல்வமும் வைக்கோலைப் பற்றிய ஒரே வரியை ஒருவருக்கொருவர் பதினோரு முறை அழித்தார்கள். விடுதியில் ஒரே அறைப் பெண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்தார்கள். ஒருத்தி இரண்டு நாள் சாப்பிட வரவில்லை.

அப்போது வழி சொன்னவள் பியூலா. வயலுக்கு வரப்பு இருப்பதுபோல் ஏட்டுக்கும் வரப்புப் போட்டுக்கொள்வோம் என்றாள். இந்தப் பகுதி உனக்கு, அந்தப் பகுதி எனக்கு. அடுத்தவர் வரப்புக்குள் கை வைப்பதில்லை. அங்கே பிழை இருப்பதாகத் தோன்றினால் அழிக்காமல், அடியில் மரியாதையாக ஒரு வரி சேர்த்துவிடலாம்: ‘இதில் மாற்றுக் கருத்தும் உண்டு.’ மறுநாளே சண்டை நின்றது. அந்த வரி ஒரு வேடிக்கையாகவும் ஆகிப்போனது. சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால், “மாற்றுக் கருத்தும் உண்டு” என்று பதில் வரும். துறைத் தலைவி டாக்டர் உலகநாச்சியார் பியூலாவை அழைத்துப் பாராட்டினார். சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பியூலாவின் முறை வந்தது. தொலைபேசியை எடுத்து, முதலில் வாயில் வந்ததைக் கேட்டாள். தன்னிடம் முப்பது செம்மறியும் பத்து வெள்ளாடும் இருப்பதாகவும், கடையில் வெள்ளாட்டுக்கென்று தாது உப்புக் கலவை விற்பதாகவும், அதைச் செம்மறிக்கும் வைக்கலாமா என்றும் கேட்டாள்.

“தாராளமா வைக்கலாம் தாயி. வெள்ளாட்டுக்குக் குடுக்கிற அதே கலவைய அதே அளவுல தினமும் செம்மறிக்கும் குடுக்கலாம்” என்றது எந்திரம்.

பியூலா தொலைபேசியை வைக்க மறந்து நின்றாள்.

வெள்ளாட்டுக் கலவையில் தாமிரம் உண்டு. வெள்ளாடு அதைத் தாங்கும். செம்மறி தாங்காது. அதன் ஈரலில் தாமிரம் துளித்துளியாகச் சேரும். வாரக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து, இரண்டே நாளில் ஆடு விழும். ஒன்றல்ல, மந்தையாக. ஜனவரியில் இதை வகுப்பில் படித்திருந்தார்கள்.

விக்கியைத் திறந்தாள். வெள்ளாட்டுப் பகுதியும் செம்மறிப் பகுதியும் சேர்கிற இடத்தில் அந்த வாக்கியம் இருந்தது. எழுதியவள் இசக்கியம்மாள். வாக்கியத்தின் வயது நூற்று நாற்பத்தொரு நாள். அடியில் மூன்று மரியாதை வரிகள். முதல் வரி மரியசெல்வத்தினுடையது. இரண்டாவது வேறு ஒருவருடையது. மூன்றாவது வரியின் மேல் விரல் வைத்ததும் எழுதியவர் பெயர் ஒளிர்ந்தது: பியூலா.

தான்தான். ஜனவரியில் எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு மறந்தும் போயிருக்கிறாள்.

அவள் தங்கதுரையிடம் ஓடி, அடியில் இருந்த வரிகளை எந்திரம் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டாள்.

“அதெல்லாம் யாரோ மரியாதைக்கு எழுதினதும்மா. மிஷின் அதத் தள்ளிரும். அது வாக்கியத்தோட வயசத்தான் பாக்கும்.”

“வயசுக்கும் உண்மைக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“நாப்பத்திரண்டு பேரு தெனமும் பொழங்குற ஏடு. அதுல ஒரு வாக்கியத்த நூத்தி நாப்பது நாளா ஒருத்தரும் தொடலன்னா என்ன அர்த்தம்? தப்பா இருந்தா யாராவது அழிச்சிருப்பாங்கல்ல? அழிக்கல. அப்ப அது சரி. இதான் கணக்கு.” அவர் திரையைக் காட்டிப் புன்னகைத்தார். “உங்க ஏட்டுல எல்லா வரியும் கெழடு தட்டிப் போச்சு. அதனாலதான் தொண்ணூத்தேழு.”

யாரும் தொடாததற்குக் காரணம் உண்மை என்று எந்திரம் நம்பியிருந்தது. காரணம் அன்பு என்று அதற்கு யார் சொல்வது?

மணி மூன்றே முக்கால். அழிப்பதற்கு ஒரு விரல் போதும். ஆனால் பியூலாவின் விரல் எழவில்லை. இசக்கியின் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு புள்ளி மூன்று. சென்ற பருவத்தில் இசக்கி மஞ்சள்காமாலையில் விழுந்து தோற்றிருந்தாள். தொடர்ந்து இரண்டாவது பருவமும் தோற்றால் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம், அதன் வயதுக்கு, ஏறக்குறைய மூன்று மதிப்பெண் சுமந்துகொண்டிருந்தது. இசக்கியின் அப்பா தென்காசி பஸ்ஸில் நடத்துனர். ஏறுகிறவர்களிடமெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து, “எம்மக மாட்டு டாக்டரு” என்றும் கிழித்துக் கொடுப்பவர்.

முதுகுக்குப் பின்னால் அழிக்கக் கூடாது என்று பியூலா முடிவு செய்தாள். ஆட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

இசக்கிக்கு அன்று கொட்டகை முறை. ஒரு கிடாயைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அதன் வாயில் பூச்சி மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பாவாடையெல்லாம் மருந்து. கிடா பாதியை விழுங்கி மீதியை அவள் மேலேயே துப்பியது.

“ஏட்டி, இப்படி மூச்சு வாங்க ஓடி வார, மாப்பிள்ள கீப்பிள்ள வந்திருக்கானா?” என்றாள்.

“இசக்கி, செம்மறிக்குத் தாமிரம் ஆவாதுட்டி.”

இசக்கி மருந்துக் குழாயைக் கீழே வைத்தாள். கிடாயை விட்டாள். அது தள்ளிப் போய் நின்று தும்மியது.

“பாத்துட்டியா?” என்றாள் மெதுவாக.

பியூலாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. “ஒனக்குத் தெரியுமா?”

“ஜனவரி மாசம் மேடம் கிளாஸ் எடுக்கும்போதே தெரியும். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. நானே அழிச்சாலும் பங்கு போயிரும். யாராவது அழிச்சிருவாவன்னு காத்துக்கிட்டே இருந்தேன். தெனமும் காலைல தொறந்து பாப்பேன். இருக்கும். கீழ ஒரு மாற்றுக் கருத்து வந்திருக்கும்.” அவள் சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை. “நீங்க அம்புட்டுப் பேரும் நல்ல பிள்ளையள்ட்டி. எனக்குத்தான் வெட்டுறதுக்கு ஒரு கெட்டவ கெடைக்கல.”

பியூலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து பிசுபிசுத்தது. தன் பெயரும் அந்த மூன்று வரிகளில் ஒன்றின் அடியில் இருக்கிறது என்று சொன்னாள். மன்னித்துவிடு என்றாள். எந்திரம் வயதைப் பார்த்து நம்புகிற கதையையும் சொன்னாள்.

இசக்கி ஆடுகளின் பக்கம் திரும்பினாள். கொட்டகையின் மறுபக்கத்தில் பத்துப் பன்னிரண்டு செம்மறிகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. அவற்றில் எதற்கும் தன்மேல் ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருப்பது தெரியாது.

“ஒன் போனத் தா” என்றாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். விக்கியைத் திறந்தாள். வாக்கியம் போயிற்று. அந்த இடத்தில், ‘செம்மறிக்கு வெள்ளாட்டுக் கலவை கொடுக்கவே கூடாது, அதிலுள்ள தாமிரம் கொன்றுவிடும்’ என்று எழுதினாள். பங்கு ஒன்பதரைக்கு இறங்கியது.

பியூலாவுக்கு அழுகை வந்தது. இசக்கிக்கு வந்ததோ வேறொன்று. அவள் நிமிர்ந்து பெருமூச்சு விட்டாள். முகம் திடீரென்று லேசாகியிருந்தது, காய்ச்சல் விட்டவள்போல.

“வா, உள்ள போவம்” என்றாள். “எனக்கு இனி போறதுக்கு ஒண்ணுமில்ல. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு.”

கூடத்துக்குள் நுழைந்தவள் நீள மேசையின் மேலேயே ஏறி நின்றாள். தங்கதுரை பதறித் தொலைபேசிகளை நகர்த்தினார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நான் போயிட்டேன். ஒம்பதரை. என் வரப்புல செம்மறியக் கொல்லுற வாக்கியம் ஒண்ணு கெடந்துச்சு, இப்பத்தான் வெட்டுனேன். இனி யாரும் எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது. அதனால சொல்லுதேன். ஏல மரியசெல்வம், ஒன் வரப்புல சினைக்காலம் அஞ்சரை மாசம்னு கெடக்கு. எந்த ஊர் ஆடுல அஞ்சரை மாசம் சொமக்குது?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மரியசெல்வத்தின் காது சிவந்தது. அவன் குனிந்து தன் வாக்கியத்தைத் தேடினான். “அஞ்சு மாசந்தான்” என்று முணுமுணுத்துக்கொண்டே அழித்தான். அழித்துவிட்டு நிமிர்ந்து, “வேற என்னெல்லாம் இருக்கு என் வரப்புல? பாத்தவங்க சொல்லுங்க” என்றான்.

அவ்வளவுதான். மடை உடைந்தது.

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பியூலா சாகும்வரை மறக்க மாட்டாள். நாற்காலிகள் இழுபட்டன. ஐந்து மாதம் தன் வரப்பை விட்டுத் தலை தூக்காதவர்கள் அடுத்தவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். சினைக்காலம் மட்டும் மூன்று வரப்பில் மூன்று விதமாக இருந்தது. குட்டிக்குச் சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள் என்று ஒருத்தி எழுதியிருக்க, மறுநாள் என்று அடுத்த வரப்பில் ஒருவன் எழுதியிருந்தான். இரண்டுக்கும் அடியில் மாற்றுக் கருத்து உண்டாம். “எட்டி, நீயா இத எழுதுன? நல்லாருக்கே” என்று ஒரு குரல். “இத எனக்கு யாருமே சொல்லலியேடே” என்று இன்னொரு குரல். ஒரே அறையில் முதுகு காட்டிப் படுத்தவர்கள் ஒரே திரையில் தலையோடு தலை முட்டினார்கள். சீம்பாலுக்காகத் தோற்றவன் தோற்றதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டே தேநீர் வாங்கப் போனான். எழுதப்பட்டதை ஐந்து மாதம் காப்பாற்றினார்கள். அன்று ஒரு மாலைப் பொழுதில்தான் அதைப் படித்தார்கள்.

யாரும் திரையைப் பார்க்கவில்லை. தங்கதுரைதான் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தெட்டு. எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு.

“தம்பிகளா, தாயிகளா, ஒண்ணு புரிஞ்சுக்கிடுங்க” என்று அவர் கெஞ்சினார். “தொட்ட வாக்கியத்துக்கு வயசு போயிரும். பச்சப் பிள்ளையாயிரும். மிஷின் நம்பாது. நீங்க சரியாக்க ஆக்க, அது தப்பாகுதுன்னு நெனைக்கும்.”

ஐந்து மணிக்கு டாக்டர் உலகநாச்சியார் வந்தார். பியூலா நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாமிரப் பாடத்தை நடத்தியவர் அவர்தான். கோபப்படுவார் என்று பியூலா நினைத்தாள்.

“நான் தெனமும் காலைல அந்த எண்ணப் பார்ப்பேன்” என்றார். “தொண்ணூத்தஞ்சு. தொண்ணூத்தாறு. சந்தோஷமா இருக்கும். எண்ணத்தான் படிச்சேன் பியூலா. பக்கத்தப் படிக்கல.”

அதைச் சொல்லிவிட்டு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஐந்தரை மணிக்கு எண் அறுபத்தொன்றில் வந்து நின்றது. தங்கதுரை கையை உயர்த்தினார். இனி ஒரு வாக்கியத்தைத் தொட்டால்கூட அறுபதுக்குக் கீழே போய்விடும், ஏடு வெளிவராது என்றார். எல்லோரும் நாச்சியார் மேடத்தைப் பார்த்தார்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, ஆட்டைக் கொல்லுகிற வரி போய்விட்டது, இத்தோடு நிறுத்தினால் ஏடு வெளிவரும், மற்றவர்கள் பங்காவது நிற்கும் என்றார். சொல்லும்போது இசக்கியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நிறுத்திருங்க” என்றாள் இசக்கி. “போதும். நான் ஒருத்தி போனாப் போறேன்.”

நிறுத்தியிருப்பார்கள். பியூலாவும் வாயைத் திறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவளுக்கு இன்னொரு வாக்கியம் தெரியும். அது சுலைகாவின் வரப்பில் இருந்தது: ‘ஈன்ற ஆட்டுக்கு முதல் மூன்று நாள் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.’ எந்தப் பழைய புத்தகத்தில் பார்த்தாளோ. பால் சுரக்க வேண்டிய தாய்க்குத் தண்ணீரைக் குறைத்தால் பால் வற்றும், குட்டி வாடும். மந்தை செத்துவிடாது. ஆனால் ஆறு மாதம், மூன்று மாவட்டம், எத்தனை குட்டி? சுலைகாவின் பங்கோ முப்பத்தொன்று. வகுப்பிலேயே அதிகம். முப்பது இருந்தால் ஆய்வு நிலையத்தில் ஓர் இடம் உறுதி என்று அவளுக்குக் கடிதம் வந்திருந்தது.

ஆண்டவரே, இன்று மறுபடியும் நான் சமாதானம் பண்ண வேண்டுமா என்று பியூலா கேட்டாள். அவள் எழுந்து போய்ச் சுலைகாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்ல மனம் வரவில்லை. காதருகே குனிந்து சொன்னாள்.

சுலைகா தன் வாக்கியத்தைத் திறந்தாள். அடியில் ஒரே ஒரு மாற்றுக் கருத்து இருந்தது. விரல் வைத்தாள். பியூலாவின் பெயர் ஒளிர்ந்தது.

“எப்பத் தெரியும் ஒனக்கு?”

“பொங்கல் லீவுக்கு முன்னால.”

“பத்து வாரமா எங்கூட ஒரே தட்டுல சோறு தின்னிருக்க.”

“ஆமா.”

“எம்மேல இவ்வளவு மரியாதையாட்டி ஒனக்கு?” என்றாள் சுலைகா. கேலியா வேதனையா என்று பியூலாவுக்குத் தெரியவில்லை. சுலைகா திரையிலிருந்த அறுபத்தொன்றைப் பார்த்தாள். மேசை ஓரத்தில் மருந்துக் கறைப் பாவாடையோடு குந்தியிருந்த இசக்கியைப் பார்த்தாள். வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது; என்ன விஷயம் என்று ஒருவருக்கும் தெரியாது. வேண்டாம் என்று அவள் மூடி வைத்திருந்தால் அது அந்த இரண்டு பேரோடு முடிந்திருக்கும்.

“பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி, அழித்தாள்.

பிறகு திரையைப் பியூலாவின் பக்கம் திருப்பினாள். “நீ சொல்லு, நான் எழுதுதேன். பத்து வாரக் கடன்.”

இருவரும் சேர்ந்து எழுதினார்கள்: ‘ஈன்ற ஆட்டுக்கு வேண்டுமட்டும் தண்ணீர் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் விரும்பிக் குடிக்கும்.’

சுவரில் எண் மாறியது. ஐம்பத்தொன்பது. கூடத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. சுலைகா எழுந்து நின்று, காரணத்தைத் தன் வாயாலேயே சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. மரியசெல்வம் மட்டும், “அப்ப இனி பயமே இல்ல. மிச்சத்தையும் பாத்திருவமா?” என்றான். ஆறு மணிவரை பார்த்தார்கள். முடிக்கும்போது எண் நாற்பத்திரண்டு. தலைக்கு ஒன்று என்று யாரோ சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஏடு அதற்குமுன் அவ்வளவு சரியாக இருந்ததேயில்லை.

ஆறு அடித்தது. ‘நம்பகம் போதவில்லை. வெளியிட இயலாது’ என்று எழுத்து வந்தது.

நாச்சியார் மேடம் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து இரண்டு முறை வாசித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. வெளிவராத ஏட்டுக்குப் பங்கு கணக்கிடுவதே இல்லையாம். பருவம் நிலுவையில் நிற்கும். அதே வகுப்பு அடுத்த பருவத்திலும் அதே ஏட்டைத் தொடர வேண்டும்.

“அப்ப எல்லாருக்கும் சைபரா மேடம்?” என்றான் ஒருவன்.

“சைபர்னா கணக்கு நடந்திருக்கணுமே. கணக்கே நடக்கலப்பா.”

“எனக்குமா மேடம்?” என்றாள் இசக்கி.

“தோத்தவங்க பேரத்தான் எடுப்பாங்க. நீ இன்னும் தோக்கலம்மா.”

இசக்கி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். முதலில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் சுலைகா. ஆய்வு நிலையத்து இடம் அவளுக்குப் போனது போனதுதான்; நிலுவைக்காரர்களுக்காக அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அவள் இசக்கியின் கையில் காய்ந்திருந்த மருந்தைத் தன் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது தொலைபேசி அடித்தது.

எல்லோரும் தங்கதுரையைப் பார்த்தார்கள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சேவை ஆறு மணிக்குத் தொடங்கும் என்று மூன்று மாவட்டத்துக்கும் சொல்லியாகிவிட்டது. ஏடு கிடைக்காவிட்டால் எந்திரம் அழைப்பைக் கல்லூரிக்கே தள்ளிவிடும் என்றார். இரண்டாவது தொலைபேசியும் அடித்தது. மூன்றாவதும்.

தரையில் உட்கார்ந்திருந்த இசக்கிக்குத்தான் முதலாவது எட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“யாரு, மிசினா?” என்றது ஒரு பெரியவர் குரல். பின்னால் ஆடுகள் கத்தின.

“மிசின் இல்லண்ணாச்சி. படிக்கிற பிள்ளைய. சொல்லுங்க.”

அவருடைய தலையீத்து ஆடு ஒன்று நேற்று ஈன்றதாம். குட்டியை மடியில் அண்ட விடாமல் உதைக்கிறதாம். என்ன செய்ய?

இசக்கி விழித்தாள். “தெரியலண்ணாச்சி” என்றாள். “லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்லுதேன்.”

நாற்பத்தொரு தலைகள் அவள் பக்கம் திரும்பின. சுலைகா ஒன்று சொன்னாள், மரியசெல்வம் அதை மறுத்தான், பியூலா இருவரையும் நிறுத்தி மடியைத் தொட்டுப் பார்க்கச் சொல் என்றாள். பெரியவர் போய்த் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் சுடுகிறது, கல்லாயிருக்கிறது என்றார். அப்படியானால் அதற்குக் கோபமில்லை, மடிநோவு. வலியில் உதைக்கிறது என்று நாச்சியார் மேடம் சொல்ல, இசக்கி அதைப் பெரியவருக்குச் சொன்னாள். குட்டிக்கு அதுவரை புட்டிப் பால் கொடுக்கவும், காலையில் மருத்துவரை அழைக்கவும் சொன்னாள்.

“நல்லது தாயி. தெரியலன்னு சொன்னியே, அதுக்கு ஒரு கும்பிடு. போன்ல இதுக்கு முன்னால யாரும் அப்படிச் சொன்னதில்ல.” அவர் தயங்கினார். “நீங்க படிக்கிற பிள்ளையள்னா, நான் ஒண்ணு சொல்லட்டா? வலியில்லாம, சும்மா வீம்புக்கு உதைக்கிற ஆடும் உண்டு. அதுக்குக் குட்டி முதுகுல கொஞ்சம் உப்புத் தண்ணி தெளிச்சு விடணும். ஆடு நக்கும். நக்கிட்டா விடாது, தங்குட்டின்னு ஒட்டிக்கிடும்.”

இசக்கி பியூலாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பியூலா விக்கியில் ஒரு புதிய வரியைத் தொடங்கினாள். எழுதி முடித்ததும், யாருடைய வாக்கியம் என்று எந்திரம் கேட்டது. அவள் இசக்கியிடம் சைகை காட்டினாள்.

“அண்ணாச்சி, ஒங்க பேரச் சொல்லுங்க. இத எழுதிக்கிடுதோம். ஒங்க பேர்லதான் நிக்கும்.”

“எம்பேரா? பலவேசம்.” அவர் கூச்சத்தோடு சிரித்தார். “எழுதுங்க. ஆனா தப்பா இருந்தா எனக்காகப் பாக்காதீங்க தாயி. அழிச்சிருங்க.”

அந்த வரியின் அடியில் பலவேசம் என்று பியூலா எழுதினாள். அதற்குள் பத்துத் தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன. அவள் கையை நீட்டி, பக்கத்தில் இருந்ததை எடுத்தாள்.